டூரோ பள்ளத்தாக்கில் கிராவல் சைக்கிள் பயணம்: எந்த டயர் ஏற்றது?

கேள்வி:
போர்ச்சுகலின் டூரோ ஆற்றங்கரையில், ரேக்வாவிலிருந்து பின்யாவ் வழியாகப் போசின்யூ வரை, திராட்சைத் தோட்டங்களுக்கு இடையிலான மண்பாதைகளில் செப்டம்பர் மாதத்தில் கிராவல் சைக்கிளில் (சரளை, மண்பாதைகளுக்கான சைக்கிள்) செல்ல எண்ணியுள்ளேன். 38 மி.மீ. அகல டயர் போதுமா?

மறுமொழி 1:
போதாது என்பதே என் உறுதியான கருத்து, நண்பரே. அங்குள்ள நிலம் ஷிஸ்ட் என்னும் பாறையால் ஆனது. அது தகடு தகடாக உடைந்து, கூரிய விளிம்புகளுடன் பாதையெங்கும் கிடப்பதால், டயரின் பக்கச்சுவர் எளிதில் கிழிந்துவிடும். உறுதியான பக்கச்சுவர் கொண்ட 45 மி.மீ. டியூப்லெஸ் டயரைப் பொருத்துங்கள். கிழிசலுக்கு உள்ளே வைத்து அடைக்கப் பழைய டயர்த் துண்டு ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். ஆற்றிலிருந்து மேலேறும் படித்தளச் சரிவுகள் மிகச் செங்குத்தானவை என்பதால், தாழ்ந்த கியர் இன்றியமையாதது.

மறுமொழி 2:
செப்டம்பர் அறுவடைக் காலம். குறுகிய வளைவுகளில் டிராக்டர்கள் எதிர்ப்படும், அவற்றுக்கு வழிவிடுவதே முறை. பல பாதைகள் தனியார் தோட்டங்களுக்குள் செல்வதால் முன்னரே அனுமதி பெறுங்கள். 2001இல் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்த நிலப்பரப்பு இது. தோட்டப் படித்தளங்களைத் தாங்கச் சாந்தின்றி அடுக்கப்பட்ட கற்சுவர்கள்மீது தயவுசெய்து ஏறாதீர்கள்.

மறுமொழி 3:
களைத்துவிட்டால் கவலை வேண்டாம். போர்ட்டோவிலிருந்து வரும் ரயில் பாதை, பெரும்பகுதி ஆற்றை ஒட்டியே சென்று போசின்யூவில் முடிகிறது. சைக்கிளை ஏற்ற இடமுண்டா என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டறியுங்கள்.