ஆறு எண்களைக் கேள், கதிர்

குழு: பெரிய வீட்டுச் சொந்தங்கள்

வியாழக்கிழமை

கதிர் (பர்மிங்ஹாம்): சித்தப்பா, சனிக்கிழமை ஒரு வண்டி பார்க்கப் போகிறேன். மாஸ்டா ஆர்எக்ஸ்-8, 2006ஆம் வருடத்து வண்டி, 74,000 மைல் ஓடியிருக்கிறது. 2,600 பவுண்டு சொல்கிறார்கள். எஞ்சின் நல்ல நிலையில் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அம்மா (பொள்ளாச்சி): பந்தய வண்டியா? நான்கு பேர் உட்கார முடியுமா?

கதிர்: முடியும் அம்மா. நான்கு கதவு.

முருகேசன் சித்தப்பா (கோவை): போனவுடன் பானெட்டில் கை வைத்துப் பார். சூடாக இருந்தால், நீ வருவதற்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். எஞ்சின் ஆறிக் கிடக்கும்போதுதான் அதன் குறை தெரியும். முதல் செல்ஃபில் பிடிக்கிறதா என்று கவனி. சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது, பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்துவிட்டது. ஓடும்போது ஆயில் மூடியைத் திற. குபுகுபுவென்று புகை தள்ளினால் பேரமே பேசாதே. மூடியின் அடியில் தயிர் போல ஏதாவது ஒட்டியிருந்தால் தண்ணீர் கலந்திருக்கும், எஞ்சின் தலைப்பகுதிக்கு அடியில் ஒழுகாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போன வண்டி. 31 வருடம் பட்டறையில் இதைத்தான் பார்த்தேன்.

செல்வி அக்கா (லெஸ்டர்): சித்தப்பா சொல்வது அத்தனையும் பிஸ்டன் எஞ்சினுக்குச் சரி. இந்த வண்டியில் பிஸ்டனே கிடையாது. கதிர், நான் இதே வண்டியை வாங்கி எஞ்சினைப் பறிகொடுத்தவள். கொஞ்சம் பொறு, எழுதுகிறேன்.

சித்தப்பா: பிஸ்டன் இல்லாமல் என்ன சுற்றுகிறது அம்மா?

செல்வி: முக்கோண வடிவத்தில் இரண்டு ரோட்டர்கள் சித்தப்பா. ஒவ்வொன்றும் 654 சிசி. வேன்கெல் என்ற ஜெர்மானியர் உருவாக்கிய வகை. மாஸ்டா விடாமல் பிடித்துக்கொண்டு 1991இல் பிரான்ஸில் நடக்கும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தையே இந்த வகை எஞ்சினில் ஜெயித்தது. முக்கோணத்தின் மூன்று முனையிலும் ஒரு மெல்லிய பட்டை இருக்கிறது. உங்கள் பட்டறையில் ரிங் செய்யும் வேலையை இங்கே அந்தப் பட்டை செய்கிறது. அது தேய்ந்தால் கம்ப்ரஷன், அதாவது உள்ளே காற்றை இறுக்கும் அழுத்தம், போய்விடும்.

செல்வி: நான் 2019இல் வாங்கியபோது பானெட் குளிர்ந்துதான் இருந்தது. தொட்ட மாத்திரத்தில் ஸ்டார்ட் ஆனது. புகை இல்லை, சத்தம் இல்லை. மனம் நிறைந்து பணத்தைக் கொடுத்தேன். வீட்டுக்கு வரும் வழியில் பெட்ரோல் போட நிறுத்தினேன். அதன் பிறகு செல்ஃப் சுற்றுகிறது, சுற்றுகிறது, எஞ்சின் பற்றவே இல்லை. எனக்குப் பின்னால் வரிசையாக வண்டிகள். தள்ளி ஓரமாக நிறுத்தி முக்கால் மணி நேரம் ஆறவைத்த பிறகுதான் எழுந்தது. தேய்ந்த ரோட்டரி எஞ்சின் குளிரில் நன்றாகவே எழும். சூட்டில்தான் மாட்டிக்கொள்ளும்.

சித்தப்பா: ஆயில் சூட்டில் இளகிவிடும், இடுக்கை அடைக்காது. இருக்கலாம். அப்படியானால் நான் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள் கதிர்.

செல்வி: ஆமாம், இரண்டும் வேண்டும். 20 நிமிடமாவது ஓட்டு. எஞ்சின் நன்றாகச் சூடேறட்டும். நிறுத்தி, பத்து நிமிடம் பேச்சுக் கொடுத்துவிட்டு மறுபடி செல்ஃப் அடி. இரண்டு மூன்று விநாடியில் பிடிக்க வேண்டும். இன்னொன்று: ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் பெட்ரோல் போகாது, எஞ்சின் வெறுமனே சுற்றும். அப்போது காது கொடுத்துக் கேள். ஒரே சீராக 'சுஃப் சுஃப் சுஃப்' என்று வர வேண்டும். நடுவில் ஒன்று நொண்டினால் ஒரு முனை போய்விட்டது.

கதிர்: ஆயில் குடிக்கும் என்கிறார்களே அக்கா?

செல்வி: குடிக்கத்தான் வேண்டும். முனைப் பட்டைகள் காயாமல் இருக்க எஞ்சினே கொஞ்சம் ஆயிலை உள்ளே தெளித்து எரிக்கும். அதனால் "நான் ஆயில் ஊற்றியதே இல்லை" என்று யாராவது பெருமைப்பட்டால் பயப்படு. ஆயில் மூடியில் தயிர் போல இருப்பதும் இந்த வண்டியில் குளிர்காலத்து ஈரமாக இருக்கலாம், அதை மட்டும் வைத்து ஒதுக்கிவிடாதே. பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் எப்போது மாற்றினார்கள் என்று கேள். காயில் பலவீனமானால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுக்கும், அது அடைத்துக்கொண்டால் எஞ்சினே வெந்துவிடும்.

செல்வி: எல்லாவற்றையும்விட முக்கியம் கம்ப்ரஷன் சோதனை. சாதாரண கேஜ் கூடாது, அது ரோட்டரின் மூன்று முகத்தில், அதாவது முக்கோணத்தின் மூன்று பக்கத்தில், நல்ல முகத்தை மட்டும் காட்டிவிடும். ரோட்டரிக்கென்று தனிக் கருவி உண்டு. அது ஆறு எண்கள் தரும், ரோட்டருக்கு மூன்று. செல்ஃப் வேகமாகச் சுற்றினால் எண் கூடிவிடும், அதனால் 250 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 250 சுற்று) கணக்குக்குத் திருத்திப் பார்ப்பார்கள். அந்தக் கணக்கில் புதிய எஞ்சினுக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 8.5 கிலோ, குறைந்தபட்சம் 6.9. ஒரே ரோட்டரின் முகங்களுக்குள் 1.5க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.

அம்மா: செலவாகுமே செல்வி?

செல்வி: எஞ்சின் பிரித்துக் கட்ட எனக்கு 4,000 பவுண்டு கேட்டார்கள் சித்தி.

கதிர்: எம்ஓடி, அதாவது இங்கே வருடா வருடம் நடக்கும் வண்டித் தகுதிச் சோதனை, அதன் வரலாற்றை இணையத்தில் பார்த்துவிட்டேன். மைல் கணக்கு வருடா வருடம் ஒழுங்காகவே ஏறியிருக்கிறது. சோதனைக்கு ஆளைப் பிடிக்கிறேன்.

சனிக்கிழமை

கதிர்: பார்த்தாயிற்று. பானெட் குளிர்ந்திருந்தது. உடனே எழுந்தது. ஓட்டும்போது 9,000 ஆர்பிஎம் வரை அந்த இழுவை! இறங்கவே மனமில்லை. நிறுத்திவிட்டு மறுபடி அடித்தேன், அப்போதும் எழுந்தது. செல்ஃப் மோட்டார் போன மாதம்தான் புதிதாக மாற்றினாராம்.

செல்வி: கதிர், அவசரப்படாதே. வேகமான செல்ஃப் போட்டால் தேய்ந்த எஞ்சினும் சூட்டில் எழுந்துவிடும். எண்கள் வந்தனவா?

கதிர்: இப்போதுதான் எடுத்தார்கள். செல்ஃப் 300இல் சுற்றுகிறது. 250க்குத் திருத்திய எண்கள்:
முன் ரோட்டர் 7.4, 7.2, 7.3
பின் ரோட்டர் 6.3, 6.6, 5.7

சித்தப்பா: பின்னால் இருப்பது மூன்றும் 6.9க்குக் கீழே. அதிலும் ஒன்று 5.7. விட்டுவிடு தம்பி.

கதிர்: 600 பவுண்டு குறைக்கிறேன் என்கிறார்.

செல்வி: பிரித்துக் கட்டும் செலவில் பாதிகூட அது வராது. எனக்கும் அன்று குறைத்துத்தான் கொடுத்தார்கள்.

கதிர்: வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் அக்கா. சாவியைக் கொடுக்கும்போது கை கனத்தது. சோதனை செய்தவர் டெர்பியில் இன்னொரு வண்டி இருப்பதாகச் சொன்னார். உடனே அழைத்து, ஆறு எண்களைத்தான் முதலில் கேட்டேன். தாளைப் படம் எடுத்து அனுப்புகிறார்களாம்.

சித்தப்பா: வந்ததும் குழுவில் போடு. எத்தனை ஆர்பிஎம்மில் எடுத்தது என்று தாளில் எழுதியிருக்கிறதா, அதையும் பார்.