எட்வர்ட் லியர்: ஊர் சுற்றி வரைந்தே ஒருவர் பிழைத்தது எப்படி?

கேள்வி:
நீர்வண்ணத்தில் ஊர்க்காட்சிகளை வரையப் பழகிவருகிறேன். இத்தாலி, கிரேக்கம், அல்பேனியா, எகிப்து, பாலஸ்தீனம், இந்தியா என்று அலைந்து வரைந்த ஆங்கிலேயர் எட்வர்ட் லியரைப் (1812–1888) பற்றி அண்மையில் படித்தேன். குடும்பச் சொத்து எதுவும் இல்லாத அவருக்குப் பயணச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? அவருடைய படங்களில் பென்சிலில் எழுதிய சொற்கள் அப்படியே தெரிகின்றனவே, அவை முடிக்கப்படாத படங்களா?

மறுமொழி 1:
லியர் தம் பதின்பருவத்திலேயே படம் வரைந்து சம்பாதிக்கத் தொடங்கியவர். லண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் உயிருள்ள கிளிகளைப் பார்த்து வரைந்து, 1830 முதல் 1832 வரை 42 கல்லச்சுப் படங்களை (கல்லில் வரைந்து அச்சிடுபவை)ச் சந்தாதாரர்களுக்காக வெளியிட்டார். புகழ் வந்ததே தவிர, பெரிய வருமானம் வரவில்லை. ஆனால் அதைக் கண்டுதான் பிற்பாடு டெர்பி பிரபுவான ஸ்டான்லி அவரை நோஸ்லி மாளிகைக்கு அழைத்து, தம் விலங்குகளை வரையச் செய்தார். நுணுக்க வேலைக்குக் கண்பார்வை ஒத்துழைக்காததால், அதே பிரபு போன்றோரின் உதவியுடன் 1837இல் ரோமுக்குப் போய் நிலக்காட்சிக்கு மாறினார். அங்கே வரும் செல்வந்தப் பயணிகள் படம் வாங்கினார்கள், பாடமும் கற்றார்கள். 1846இல் விக்டோரியா அரசிக்கே ஓவியம் கற்பித்தார். மொத்தத்தில் அவர் ஒரே ஒரு வருமானத்தை மட்டும் நம்பி வாழவில்லை.

மறுமொழி 2:
இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். களத்தில் அவர் பென்சிலால் விரைவாகக் கோடு போட்டு, எந்த இடத்தில் என்ன நிறம் என்பதை அந்தந்த இடத்திலேயே எழுதிவைப்பார்; ஊரும் தேதியும், நைல் பயணப் படங்களில் மணியும் நிமிடமும்கூட இருக்கும். பாறைகளுக்கு வேண்டுமென்றே எழுத்துப் பிழையோடு குறிப்பெழுதுவது அவருடைய குறும்பு. பின்னர் அறையில் அமர்ந்து, அந்தக் கோடுகளின்மேல் பழுப்பு மையை ஓட்டி, மெல்லிய வண்ணம் பூசுவார். அவரைப் பொறுத்தவரை இவை பெரிய எண்ணெய் வண்ணப் படங்களுக்கான கச்சாப்பொருள். எனக்கோ அவருடைய எண்ணெய்ப் படங்களைவிட இவையே உயிரோட்டமாகத் தோன்றுகின்றன. திருச்சி மலைக்கோட்டையை நண்பகலில் வரைய அமர்ந்து, தூரிகையை எடுப்பதற்குள் பூச்சு காய்ந்து விளிம்பு கட்டிப்போனதைப் பார்த்தவன் என்ற முறையில், வண்ணத்தை மாலைக்குத் தள்ளிப்போட்ட அவருடைய வழக்கம் எனக்கு நன்றாகவே விளங்குகிறது.

மறுமொழி 3:
மலைக்கோட்டையைச் சொன்னதால் இதையும் சேர்க்கிறேன். வைசிராயாக இருந்த நண்பர் நார்த்புரூக் பிரபு அழைத்ததன்பேரில், 1873 நவம்பரில் பம்பாயில் இறங்கிய லியர், 1875 ஜனவரி வரை, நெடுங்காலப் பணியாளர் ஜார்ஜியோ கோகாலியுடன் இந்தியாவையும் இலங்கையையும் சுற்றினார். மாமல்லபுரம், காஞ்சிபுரம், தஞ்சாவூர், திருச்சி ஆகியவற்றுக்கு 1874இல் வந்தபோது அவருக்கு வயது 62. வலிப்பு நோயை வாழ்நாள் முழுவதும் மறைத்துவந்தவர் அவர். டார்ஜிலிங்கில் எடுத்த குறிப்புகளைக் கொண்டு கஞ்சன்சங்காவை எண்ணெய் வண்ணத்தில் மூவருக்காகத் தனித்தனியே தீட்டினார்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. நீர்வண்ணப் படங்களை அவர் விற்கவே இல்லையா?

மறுமொழி 2:
விற்றார். அவற்றுக்கென 1860களில் ஒரு வழி கண்டார்: 60 தாள்களில் வெவ்வேறு காட்சிகளை வரைந்து வரிசையாக வைத்து, ஒரு நிறத்தை எடுத்தால் அது தேவைப்படும் எல்லாத் தாளிலும் பூசிவிட்டு அடுத்த நிறத்துக்குப் போவார். அந்த வேலையில் சலித்துப்போய், அப்படங்களுக்கு அவரே ‘கொடுங்கோலர்கள்’ என்று பெயர் வைத்தார்.