முழுக்கப் பாட்டாலேயே குறும்படம்: களத்தில பாடுறதா, வாயசைக்கிறதா?

வாவிக்கரையான்:
12 நிமிடப் படம். வசனமே இல்லை, எல்லாம் வடமோடிக் கூத்தின்ர தரு (ஆடிக்கொண்டு பாடுற பாட்டு). இடம் மட்டக்களப்பு கல்லடிக் கடற்கரை. பிரெஞ்சு இயக்குநர் ஜாக் டெமி ‘செர்பூர்க் குடைகள்’ (1964) படத்தில செய்தமாதிரி பாட்டை முதலே பதிஞ்சுபோட்டு வாயசைக்க விடலாமா? ஒரு கமரா, ரெக்கோடர், கொலர் மைக் ரெண்டு கைவசம் இருக்கு.

மத்தளக்கட்டை:
டெமி படத்தில கதைக்கிற மாதிரித்தான் பாடுறாங்க, துள்ளாட்டம் கிடையா. கூத்தர் ஆடிக்கொண்டு பாடுறவர். அந்த மூச்சிரைப்பு ஸ்டூடியோக் குரலில வராது. வாய் பொருந்தினாலும் நெஞ்சு பொருந்தாது, கிட்டத்தில எடுத்தா உடன தெரியும்.

ஸ்ட்ராப், உய்யே எண்ட இயக்குநர் சோடி ‘மோசஸும் ஆரோனும்’ (1975) எண்ட ஒப்பேராப் படத்தை எடுத்த முறையைப் பாருங்க. வாத்தியக்குழுவை முதலே பதிஞ்சு, பாடகர் அதைக் காதில கேட்டுக் களத்தில நேரடியாப் பாடினாங்க. நீங்களும் மத்தளத்தை மட்டும் முதல் பதிஞ்சு குடுங்க. வயர் உள்ள இயர்போன்தான். புளூடூத் 0.1, 0.2 செக்கன் பிந்தும், ஆடுற கால் தாளத்தை விட்டிடும். மத்தளத்துக்குப் பதிலா கிளிக் (ஒரே சீரான மெட்ரோனோம் தட்டு) மட்டும் வைக்க வேணாம், காலம் ஏறுற இடமெல்லாம் செத்துப்போகும்.

சதங்கைச்சத்தம்:
தனி ஆட்டத்துக்குச் சரி அண்ணன். ஆறு பேர் சுத்தி ஆடினா ஆறு வயரும் ஏலா. அண்ணாவியாரை (மத்தளம் அடிச்சுக் கூத்தை நடத்துறவர்) களத்திலேயே வையுங்க, பிரேமுக்கு வெளிய, 3 அல்லது 4 மீற்றருக்குள்ள. 17 மீற்றர் தள்ளினா மத்தளம் 0.05 செக்கன் பிந்திக் கேட்கும். செக்கனுக்கு 24 பிரேமில அது ஒரு பிரேமுக்கு மேல.

சல்லரியை (கைத்தாளம்) அப்ப தட்ட வேணாம், கொலர் மைக் எல்லாத்துக்கும் பாயும், மறுகா பிரிச்செடுக்க ஏலா. அதைப் பிறகு சேர்க்கலாம். சதங்கையையும் பாட்டில்லாம ஒருக்கா முழுசா ஆடவிட்டுத் தனியாப் பதிஞ்சு வையுங்க. இல்லாட்டி ஷொட் மாறுற இடமெல்லாம் சதங்கை வெட்டுப்படும். வெட்டுறதைத் தரு முடிஞ்சு பிற்பாட்டு (மற்றவங்க சேர்ந்து திருப்பிப் பாடுறது) எடுக்கிற இடத்தில வைச்சா ஒருத்தருக்கும் தெரியாது.

இன்னொண்டு: இளகின மணலில கால் புதையும், துள்ளல் பிந்தும், அண்ணாவியார் தானாக் காலத்தைக் குறைப்பார். அலைக்குக் கிட்ட ஈரம் இறுகின இடமாப் பாருங்க. அலைச்சத்தம் கூடத்தான் வரும், ஆனா அது ஒரே சீராக் கிடந்தா பிழையில்லை. அரை நிமிடம் அலையை மட்டும் தனியாப் பதிஞ்சா வெட்டை மூட உதவும்.

வாவிக்கரையான்:
கமரா செக்கனுக்கு 23.976 பிரேமிலதான் ஓடுது. எடிட்டில 24 வைச்சா?

மத்தளக்கட்டை:
எடுத்ததை 24 ஆக மாத்தி ஓடவிட்டா 4 நிமிடப் பாட்டின் கடைசியில படமும் சத்தமும் 6 பிரேம் அளவு விலகும், தம்பி. எடிட்டையும் 23.976 இலேயே விடுங்க. ரெக்கோடரில பதிவு வேகத்தை 48 கிலோ ஹேர்ட்ஸில வையுங்க. ஒவ்வொரு டேக்குக்கும் தொடக்கத்தில மட்டுமில்லை, முடிவிலயும் கிளாப் அடியுங்க. விலகினா எவ்வளவு எண்டு அப்பதான் அளக்கலாம்.