1971 இந்திய-பாகிஸ்தான் போரில் இருந்த தாத்தாவின் நினைவுகளைப் பதிவு செய்ய வழி சொல்லுங்கள்

வேலூர்ப் பேரன்:
தாத்தாவுக்கு 80 தாண்டிவிட்டது. மெட்ராஸ் சாப்பர்ஸ் (ராணுவப் பொறியாளர் படை). 1971-இல் பாகிஸ்தானின் ஷகர்கர் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை. "போர் எப்படி இருந்தது?" என்று கேட்டால் "இருந்துச்சு" என்பதோடு சரி. காது மந்தம், தேதிகள் குழம்புகின்றன. அவர் பட்ட பாடு எழுத்தில் நிற்க வேண்டும். எங்கே தொடங்குவது?

பழைய பட்டாளம்:
தம்பி, முதலில் டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் சேர்ந்த நாள், விலகிய நாள், டிரேடு (படையில் செய்த தொழில்) எல்லாம் இருக்கும். பஷ்சிமி ஸ்டார் என்ற மெடல் இருந்தால் மேற்கு முனை, பூர்வி ஸ்டார் என்றால் கிழக்கு. சங்கிராம் மெடலை வைத்து முனையைச் சொல்ல முடியாது. மெடல் விளிம்பில் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். பிராஸோ போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து மழுங்கிவிடும்.

பழைய இன்லண்ட் லெட்டர் ஒன்று கிடைத்தாலும் பெரிய விஷயம். அனுப்புநர் முகவரியில் ஊர் இருக்காது, யூனிட்டும் 56 ஏ.பி.ஓ. (ராணுவத் தபால் நிலையம்) என்பதும்தான் இருக்கும் (கிழக்கே இருந்தவர்களுக்கு 99 ஏ.பி.ஓ.). தபால் முத்திரையின் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

காகிதம் தொலைந்திருந்தால் ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு (படைவீரர் ஆவணங்களை வைத்திருக்கும் அலுவலகம்) எழுத வேண்டும். சாப்பர்ஸுக்கு அது பெங்களூரு. நீலகிரி வெலிங்டன், மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு உரியது. இரண்டையும் ஒன்றென்று நினைத்து மாற்றி எழுதிவிட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் சர்வீஸ் நம்பரைக் கொடுத்தால் கடிதம் எழுத உதவுவார்கள்.

வரைபடப் பிரியன்:
"எப்படி இருந்தது" என்ற கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. சின்னச் சின்னதாக, வேலையைப் பற்றிக் கேளுங்கள். வெடியைத் தேடித் தரையில் குத்திப் பார்த்தது பயனெட்டாலா (துப்பாக்கி முனைக் கத்தி), பிராடராலா (கண்ணிவெடி தேடும் கம்பி)? எவ்வளவு சாய்த்து? (சாய்த்துக் குத்தினால் வெடியின் பக்கவாட்டில் முட்டும், செங்குத்தாகக் குத்தினால் அழுத்தம் மேல்தட்டில் விழும், அதுதான் ஆபத்து.) வெடி அகற்றிய பாதையைக் காட்ட வெள்ளை டேப் கட்டியது யார்? டிசம்பர் குளிரில் விரல் விறைத்தால் என்ன செய்வார்கள்? லங்கர் (படைச் சமையலறை) எவ்வளவு பின்னால் இருந்தது, சோறு வராத நாளில் சக்கர்பாராவா (இனிப்புப் பலகாரம்)? கையில் ஒரு குச்சியைக் கொடுங்கள். வாயில் வராதது கையில் வந்துவிடும்.

தேதிக் குழப்பத்துக்கு ஒரு தாளில் பெரிய எழுத்தில் நான்கே வரி: டிசம்பர் 3 மாலை பாகிஸ்தானின் விமானத் தாக்குதல், 5-6 இரவு இந்தியாவின் 54-வது டிவிஷன் எல்லை தாண்டியது, 15-16 இரவு பசந்தர் ஆற்றைக் கடந்தது, 17 இரவு 8 மணி, மேற்கில் போர்நிறுத்தம். ஒவ்வொரு நினைவுக்கும் "இதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று மட்டும் கேளுங்கள். சாம்பா, ஷகர்கர், பசந்தர் மூன்றும் தெரிகிற வரைபடம் பக்கத்தில் இருக்கட்டும்.

பசந்தரில் கண்ணிவெடி வயலில் பாதை திறந்தது 9 எஞ்சினியர் ரெஜிமெண்ட், சாப்பர்ஸ் யூனிட்தான். பாதை முழுதாகத் தயாராகும் முன்பே பூனா ஹார்ஸ் என்ற டாங்கி ரெஜிமெண்டின் டாங்கிகள் அதற்குள் இறங்கிக் கடந்தன. தாத்தா அந்த யூனிட்டா என்று டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். நீங்களே யூனிட் பெயரைச் சொல்லிக் கேட்டால் சும்மா தலையாட்டிவிடக்கூடும்.

ஒலிப்பதிவு ரவி:
காலை டிபனுக்குப் பிறகு, அரைமணி நேரம் போதும். மாலையில் வேண்டாம், கிளறிவிட்ட நினைவோடு படுத்தால் தூக்கம் கெடும். ஃபேனை நிறுத்துங்கள், போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். காலர் மைக்கை மோவாய்க்கு ஒரு சாண் கீழே குத்துங்கள். நன்றாகக் கேட்கும் காதின் பக்கம் உட்கார்ந்து, கத்தாமல், மெதுவாகப் பேசுங்கள். கத்தினால் சொல் உடையும். கேள்வியை எழுதிக் காட்டுவது இன்னும் நல்லது.

அவர் நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள். "எத்தனை பேரைச் சுட்டீங்க" என்ற கேள்வியை வீட்டுப் பிள்ளைகள் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தூக்கமின்மை நாள்கணக்கில் நீடித்தால் இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) பாலிகிளினிக் டாக்டரிடம் சொல்லுங்கள். வெளியிடும்போது சர்வீஸ் நம்பரையும் பி.பி.ஓ. (பென்ஷன் ஆணை) நம்பரையும் மறைத்துவிடுங்கள்.

வேலூர்ப் பேரன்:
மிக்க நன்றி. கூட இருந்து இறந்த ஒருவர் பெயரை மட்டும் அடிக்கடி சொல்கிறார். அதைச் சரிபார்க்க முடியுமா?

பழைய பட்டாளம்:
முடியும். டெல்லி தேசியப் போர் நினைவிடத்தில் பெயர்கள் கருங்கல்லில் செதுக்கப்பட்டுள்ளன. அதன் இணையதளத்திலும் தேடலாம். நம் பெயர்களின் ஆங்கில எழுத்து இடத்துக்கு இடம் மாறும், இனிஷியலும் முன்பின்னாக இருக்கும். அதனால் பெயரோடு யூனிட்டையும் ஆண்டையும் சேர்த்துப் பொருத்திப் பாருங்கள். உறுதியான பிறகே தாத்தாவிடம் காட்டுங்கள்.