ஜான் டூயியின் கடிதங்களை எங்கிருந்து தொடங்கலாம்?

வியாசர்பாடி மாலை வகுப்பு:
எங்கள் தெருப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் மொட்டை மாடியில் பாடம் சொல்லித் தருகிறேன். அண்ணல் அம்பேத்கரின் ஆசிரியர் என்பதால்தான் அமெரிக்கத் தத்துவ அறிஞர் டூயியை எடுத்தேன், ஆனால் கல்வி பற்றிய புத்தகம் பத்துப் பக்கத்துக்கு மேல் நகரவில்லை. கடிதங்கள் எளிதாக இருக்குமா?

தண்டையார்பேட்டை டீச்சர்:
இருக்கும் தம்பி. அவர் எழுதியது, அவருக்கு வந்தது என்று மொத்தத் தொகுப்பில் 20,000க்கு மேல் இருக்கிறது, அதில் இப்போதே இறங்காதீங்க. 1919ல் அவரும் மனைவி ஆலிஸும் ஜப்பான், சீனாவிலிருந்து பிள்ளைகளுக்கு எழுதியதை மகள் எவ்லின் தொகுத்து 1920ல் வெளியிட்டார், சின்னப் புத்தகம்தான். பீக்கிங்கில் (இன்றைய பெய்ஜிங்) போராடிய மாணவர்கள் கைதாகத் தயாராகி, பல் துலக்கும் பிரஷ்ஷையும் துண்டையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தெருவில் பேசியதை எழுதியிருப்பார்கள், அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பெரம்பூர் வாசகர்:
அம்பேத்கர் கடிதத்தையும் சேர்த்துப் படியுங்கள். 1952 ஜூன் 1ல் டூயி இறந்தார், அம்பேத்கர் கௌரவ டாக்டர் பட்டம் வாங்க நியூயார்க் போன அதே வாரம். தன் அறிவு வாழ்க்கை முழுவதும் அவருக்குக் கடன்பட்டது என்று மனைவிக்கு எழுதினார்.

வியாசர்பாடி மாலை வகுப்பு:
சரி டீச்சர், சீனக் கடிதங்களிலிருந்தே தொடங்குகிறேன். அந்தப் பிரஷ் விஷயத்தை நாளைக்கே ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்வேன்.