கோச் கேட்டும் அம்பயர் அசையாத தருணம்: உங்களுக்கு நடந்ததா?

டக்அவுட்வாசி:

பேஸ்பாலைப் போன்ற சாஃப்ட்பால், 14 வயதுக்குட்பட்ட பெண்கள் ஆட்டம். கடைசி இன்னிங்ஸ், ஸ்கோர் சமம், மூன்று பேஸிலும் ஆள், இரண்டு அவுட், மூன்று பால் (பேட்டர் விட்ட தவறான பந்து), இரண்டு ஸ்ட்ரைக் (மூன்றானால் அவுட்). நான் துணை கோச். எங்கள் பிட்சர் (பந்து போடுபவள்) போட்ட மெதுவான சேஞ்ச்அப் பந்து தாழ்ந்து வெளியே போனது. பேட்டர் சுற்றத் தொடங்கிவிட்டு மட்டையை இழுத்துப் பிடித்தாள். பிடித்தாளா என்பதுதான் கேள்வியே, சுற்றிவிட்டாள் என்றால் அது ஸ்ட்ரைக். ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் நிற்கும் பிளேட் அம்பயர் பால் என்றார். "சார், பேஸ் அம்பயரைக் கேளுங்க" என்றாள் எங்கள் கேட்சர். தலைமை கோச்சும் கேட்டார். "எனக்கு நல்லாத் தெரிஞ்சுது" என்று பிளேட் அம்பயர் சொல்லிவிட்டு முகமூடியைக் கழற்றிவிட்டார். நாலாவது பால் என்றால் பேட்டருக்கு முதல் பேஸ் இலவசம், மூன்றாம் பேஸில் நின்றவள் நடந்தே ஹோம் பிளேட்டுக்கு வந்து ரன் எடுத்தாள், தோற்றோம்.

தோற்றதை மறந்துவிட்டேன். மறக்க முடியாத விஷயம் வேறு. நான் அப்போது பேஸ் அம்பயரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்சர் கேட்டதுமே அவருடைய வலது கை இடுப்புவரை உயர்ந்தது, விரல்கள் மடங்கின. ஸ்விங் என்றால் முஷ்டியைத்தானே காட்டுவார்கள். பிளேட் அம்பயர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. அந்தக் கை பேண்ட்டில் ஒருமுறை துடைத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டது. கேட்காமல் அவர் சொல்ல முடியாது, தெரியும். ஆனால் கேட்பதில் என்ன நஷ்டம்?

முகமூடிக்குப் பின்னால்:

நான் பல வருடமாக பிளேட்டில் நிற்கிறவன். முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். தொழில்முறை பேஸ்பாலில் பாதி ஸ்விங்குக்கு பால் என்று சொன்ன பிறகு கேட்சரோ மேனேஜரோ கேட்டால், பிளேட் அம்பயர் சக அம்பயரைக் கேட்டே ஆக வேண்டும். பள்ளி அளவில் அந்தக் கட்டாயம் எல்லா விதிப்புத்தகங்களிலும் கிடையாது, பிளேட் அம்பயரின் முடிவுக்கு விட்டிருப்பார்கள். நீங்கள் சொல்லும் கட்டத்தில் நான் கேட்டிருப்பேன். ஆனால் பாதி உயர்ந்த கையை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள், நண்பரே. பேஸில் நிற்கும்போது, கேள்வி வரப்போகிறது என்று தெரிந்தாலே கை தயாராகிவிடும். எந்த சைகை என்பது அப்புறம்தான்.

என் மனதில் தங்கியிருப்பது, பந்து இல்லாத ஃபீல்டர் ரன்னரின் வழியை மறித்த ஒரு அப்ஸ்ட்ரக்‌ஷன். இரண்டாம் பேஸைத் தாண்டி ஓடிய சிறுமி, பந்து கையில் இல்லாமல் வழியில் நின்ற ஷார்ட்ஸ்டாப் மேல் மோதி விழுந்தாள். தடுப்பு நடந்ததைக் காட்ட இடது கையை நீட்டிவிட்டு ஆட்டத்தை ஓடவிட்டேன். பந்து அப்போது வலது ஃபீல்டரின் கைக்கு வந்துகொண்டிருந்தது. எழுந்து மூன்றாம் பேஸை நோக்கி ஓடினாள், பந்தால் தொட்டு டேக் செய்துவிட்டார்கள். மூன்றாம் பேஸைக் கொடுத்தேன். அவளுடைய கோச் ஆட்டத்தை நிறுத்த நேரம் கேட்டு, நடந்து வந்து, குரலே உயர்த்தாமல் சொன்னார்: "எங்க டீம்லயே இவதான் வேகம். விழாம இருந்திருந்தா ஹோம் வந்திருப்பா. உங்க பார்ட்னரைக் கேளுங்க." பார்ட்னர் பார்த்துக்கொண்டிருந்தது முன்னால் ஓடிய ரன்னரை. மோதல் என் கண்ணெதிரே நடந்தது. அவரைக் கேட்டு என்ன பயன்? மாற்றவில்லை.

தடுக்காமல் இருந்திருந்தால் எந்த பேஸ் வரை போயிருப்பாள் என்று நாங்கள் கணிக்க வேண்டும், விதி அதைத்தான் சொல்கிறது. அந்தக் குழந்தை எவ்வளவு வேகம் என்பது கோச்சுக்குத் தெரியும், எனக்கு அவள் ஓடிய சில அடிகள் மட்டுமே தெரியும். முழங்காலில் மண்ணோடு அவள் என்னைப் பார்த்து, "அங்கிள், நான் எங்க நிக்கணும்?" என்றாள். கோச் சொன்ன பேஸா, நான் சொன்ன பேஸா என்று அவளுக்குக் குழப்பம்.

ஸ்கோர்புக்:

எங்கள் ஆட்டத்தில் முதல் பேஸில் ஆள் இருக்கிறாள், ஒரே அவுட். மூன்றாவது ஸ்ட்ரைக்கைக் கேட்சர் நழுவவிட்டாள், பேட்டர் ஓடினாள், அம்பயர் அவளை முதல் பேஸில் நிற்கவிட்டார். பொதுவாக கேட்சர் நழுவவிட்டால் பேட்டர் ஓடலாம், ஆனால் இரண்டு அவுட் ஆகாதபோது முதல் பேஸில் ஆள் இருந்தால் பேட்டர் அவுட், ஓடவே முடியாது. எங்கள் கோச் டக்அவுட் பெஞ்சிலிருந்து கத்திக்கொண்டே இருந்தார். பிட்சர் அடுத்த பந்தைப் போட்டுவிட்டாள். கதை முடிந்தது.

அதனால் கோச்களுக்குச் சொல்கிறேன். முதலில், உங்கள் குறை எந்த வகை என்று பாருங்கள். ஸ்ட்ரைக்கா பாலா, சேஃபா அவுட்டா, ஃபேரா ஃபவுலா என்பதெல்லாம் அம்பயரின் கண் சம்பந்தப்பட்டவை, அவற்றுக்கு ப்ரொட்டெஸ்ட், அதாவது முறைப்படியான ஆட்சேபம், இல்லை. விதியைத் தவறாகப் பயன்படுத்தினால் மட்டும்தான் உண்டு, அதையும் அடுத்த பிட்ச்சுக்கு முன் சொல்லியாக வேண்டும். கத்துவது ப்ரொட்டெஸ்ட் ஆகாது. நேரம் கேளுங்கள், ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது கேட்காதீர்கள், கொடுக்க மாட்டார்கள். தீர்ப்பு சொன்ன அம்பயரிடமே போங்கள். பேஸ் அம்பயர் சொன்னதற்கு பிளேட் அம்பயரிடம் போய் முறையிட்டால் இரண்டு பேரையும் இழந்துவிடுவீர்கள். "தப்பு" என்று ஆரம்பிக்காமல் "என்ன பார்த்தீங்க, சார்?" என்று கேளுங்கள். முதல் பேஸ்காரியின் கால் பேஸை விட்டு எழுந்தது என்றால், "கால் எழுந்ததை உங்க பார்ட்னர் பார்த்திருக்கலாம், ஒரு வார்த்தை கேட்பீங்களா?" என்று குறிப்பாகச் சொல்லுங்கள். எதற்காகக் கேட்க வேண்டும் என்று தெரிந்தால்தான் கேட்பார்கள். விதிப்புத்தகத்தை மைதானத்துக்குள் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், விதியின் எண்ணை மட்டும் நினைவில் வைத்திருங்கள். ஒரு ஆட்டத்தில் எல்லாவற்றுக்கும் போனால், உண்மையான விஷயத்துக்குப் போகும்போது காது கொடுக்க ஆள் இருக்காது.

இடதுகை பேட்டரின் அம்மா:

மேலே பாடம் எடுத்தவருக்கு. எங்கள் ஆட்டத்தில் நிதானமாகத்தான் கேட்டார்கள், ரொம்ப மரியாதையாக. இரண்டு கோச்சும் ஆட்டத்துக்கு முன்னாலேயே பிளேட்டில் நின்று, "சார், ஸோனைக் கொஞ்சம் அகலமா வச்சுக்கோங்க, இல்லேன்னா எல்லாரும் நடந்துகிட்டே இருப்பாங்க" என்றார்கள். ஸ்ட்ரைக் என்று கணக்காகும் எல்லைதான் ஸோன். அம்பயர் தலையாட்டினார். பிள்ளைகளிடம் ஒருவரும் சொல்லவில்லை.

10 வயதுக்குட்பட்டவர்கள். பிட்சருக்கும் பிளேட்டுக்கும் 35 அடி தூரம், 11 அங்குலச் சுற்றளவுள்ள பந்து. பிட்சருக்கும் அதே வயதுதானே, பந்து எங்கெங்கோ போகும். இது எனக்குப் புரிகிறது. என் மகளிடம் மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று: எட்டாத பந்தை விடு. விட்டாள். பந்து பிளேட்டுக்கு எதிர்ப்பக்க பேட்டர்ஸ் பாக்ஸின் (பேட்டர் நிற்கும் கட்டம்) கோட்டுக்கு மேலே போனது. "ஸ்ட்ரைக் த்ரீ!" அவள் அழவில்லை. மட்டையை நீட்டி, அதன் நுனி எதுவரை போகிறது என்று அம்பயருக்குக் காட்டினாள். கோட்டுக்கு ஒரு சாண் இந்தப் பக்கமே நின்றுவிட்டது. அம்பயர் பார்த்தார், பார்த்துவிட்டு கையிலிருந்த, பந்து எண்ணும் கவுண்டரைச் சுழற்றினார். கோச் என்ன சொன்னார் தெரியுமா? "மட்டையை நீட்டினா வாதம் பண்றதா எடுத்துப்பாங்கம்மா, அப்படிச் செய்யாதே."

வலதுபுற ஃபீல்டர்:

அம்மா, அகலமான ஸோன் இல்லையென்றால் அந்த வயதில் ஒருத்தியும் மட்டையைச் சுற்ற மாட்டாள். என் தங்கை ஒரு முழு ஆட்டம் விளையாடிவிட்டு ஒரு பந்தைக்கூடத் தொடாமல் வந்தாள், எல்லாம் நாலு பால் வாக். ஆனால் பிள்ளைகளிடம் சொல்லியிருக்க வேண்டும், அதில் நீங்கள் சொல்வதுதான் சரி.

வெள்ளைக் கோடு:

எனக்கு நடந்தது வேறு மாதிரி. நான் ஃபீல்டிங் பக்கக் கோச், 12 வயதுக்குட்பட்டோர். அம்பயர் அப்போதுதான் ஹோம் பிளேட்டைத் துடைத்திருந்தார், பளிச்சென்று வெள்ளை. ரன்னர் ஓடிவந்தாள், த்ரோ வேறு பக்கம் போனதால் டேக் எதுவும் இல்லை. அவள் ஷூவின் தடம் பிளேட்டுக்குப் பக்கத்து மண்ணில். பிளேட்டின் மேல் ஒரு தூசிகூட இல்லை. "அவ பிளேட்டைத் தொட்டாளா, சார்?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், பிளேட்டைப் பார்த்தார், பதில் சொல்லவில்லை. குனிந்து அதை மறுபடி துடைத்தார்! "பிளே" என்றார். அடுத்த பிட்ச் போய்விட்டது, பிளேட்டைத் தொடவில்லை என்று அவுட் கேட்கும் அப்பீல் உரிமையும் போய்விட்டது.

துடைத்ததை நான் சந்தேகப்படவில்லை, வழக்கமாகச் செய்வதுதான். ஆனால் அவருக்குத் தெரிந்திருந்தது. குழந்தைகள் ஆட்டத்தில் ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

ஸ்கோர்புக்:

சொல்லவே கூடாது. தவறவிட்ட பேஸும் சரி, மாறிப்போன பேட்டிங் வரிசையும் சரி, எதிரணிதான் கண்டுபிடிக்க வேண்டும். அம்பயர் வாயைத் திறந்தால் ஒரு பக்கத்துக்கு உதவி செய்ததாக ஆகிவிடும். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள், சாஃப்ட்பால் முதன்முதலாக ஒலிம்பிக்ஸுக்கு வந்த வருடம். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அமெரிக்காவின் டானி டைலர் பந்தை வேலிக்கு மேலே அனுப்பிவிட்டு, வரவேற்கக் கூடிய தோழிகளுக்கு நடுவே ஹோம் பிளேட்டை மிதிக்காமல் போய்விட்டார். ஆஸ்திரேலியா அப்பீல் செய்தது, அவுட், ரன் கிடையாது. கூடுதல் இன்னிங்ஸில் 2-1 என்று ஆஸ்திரேலியா ஜெயித்தது. அவர்கள் பார்த்தார்கள், கேட்டார்கள், கிடைத்தது. நீங்கள் அப்பீல் செய்யவில்லை, கேள்வி கேட்டீர்கள்.

வெள்ளைக் கோடு:

அது ஒலிம்பிக்ஸ். இது 12 வயதுப் பிள்ளைகளும், ஓய்வு நேரத்தில் வந்து நிற்கும் என்னைப் போன்ற கோச்சும். என் கேள்வியை அப்பீலாக எடுத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்ற முடிவு அவர் கையில் இருந்தது. "அப்பீல் செய்றீங்களா?" என்று திருப்பிக் கேட்டிருந்தால்கூட எந்தப் பக்கத்துக்கும் அநியாயம் இல்லை, கேள்வியை ஆரம்பித்தது நான்தானே. இதே அம்பயர் எங்கள் அடுத்த ஆட்டத்துக்கும் வருகிறார். ஆட்டத்துக்கு முன் பிளேட்டில் கூடும்போது எதிரணிக் கோச்சையும் வைத்துக்கொண்டே கேட்கப்போகிறேன்: எந்த வார்த்தையைச் சொன்னால் அதை அப்பீலாக எடுத்துக்கொள்வீர்கள் என்று. பாதி ஸ்விங்குக்கு பார்ட்னரைக் கேட்பாரா மாட்டாரா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுவேன்.