பினாங்கு தண்ணீர்மலைப் பந்தல் குழு

மல்லிகா அத்தை, காலை 7:42
காலை வணக்கம். தைப்பூசத்துக்கு இன்னும் பத்தே நாள். ஜாலான் கெபுன் பூங்கா சாலையில் போன வருடம் பந்தல் போட்ட அதே இடம்தான். யாருக்கு எந்த வேலை என்று இன்றைக்கே முடித்துவிடுவோம். மோர் நான். எலுமிச்சைத் தண்ணீர் செல்வி அண்ணி.

தினேஷ், 7:44
ஐஸ் நான். காரும் என்னுடையது.

பெரியப்பா, 7:51
யாழினி போன வருடமும் வரவில்லை, அதற்கு முந்தின வருடமும் வரவில்லை. தீபாவளிக்கு வீட்டுக்குப் போனால் அறைக்குள்ளேயே இருக்கிறது. படித்த பிள்ளைக்கு இவ்வளவு வெட்கமா?

செல்வி சித்தி, 7:52
அத்தான், அதைத் தனியாகப் பேசுவோமே.

பெரியப்பா, 7:58
தனியாக என்ன, எல்லாம் நம் ஆட்கள்தானே.

யாழினி, 8:20
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

யாழினி, 8:23
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

யாழினி, 8:31
பெரியப்பா, இந்த வருடம் வருகிறேன். ஆனால் அது வெட்கம் இல்லை. டாக்டர் அதற்குச் சமூகப் பதற்றம் என்று பெயர் எழுதியிருக்கிறார், மற்றவர்கள் முன்னால் வரும் கடும் பயம். ஆகஸ்டிலிருந்து மாத்திரை சாப்பிடுகிறேன். நவம்பரிலிருந்து வாரம் ஒருமுறை சைக்காலஜிஸ்டிடம் போகிறேன். அம்மாவுக்கும் புவனா அக்காவுக்கும் மட்டும்தான் தெரியும். இப்போது எல்லோருக்கும் தெரியும்.

பெரியப்பா, 8:35
மனசுக்கு மாத்திரையா? ஆரம்பித்தால் விட முடியாது என்பார்கள். என்னோடு வேலை செய்தவர் ஒருவர் இப்படித்தான் தொடங்கி தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரி வரை போனார்.

புவனா, 8:36
அப்பா. நான் டியூட்டியில் இருக்கிறேன், பத்து மணிக்கு எழுதுகிறேன். அதுவரை அந்த ஊர்ப் பெயரை எடுக்காதீர்கள்.

மல்லிகா அத்தை, 8:40
எலுமிச்சை எத்தனை கிலோ வாங்கட்டும்?

புவனா, 10:06
யாழினி, உன்னிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அப்பா, அவள் சாப்பிடுவது செர்ட்ரலின். தூக்க மாத்திரை இனம் இல்லை. போட்டவுடன் போதை வராது, இன்னும் வேண்டும் என்று மனம் கேட்காது. முதல் இரண்டு வாரம் பலனே தெரியாது, குமட்டலும் தலைவலியும்தான் தெரியும். பதற்றம் இறங்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், சிலருக்குப் பன்னிரண்டுகூட. நீங்கள் சொன்னதில் ஒன்று சரி, திடீரென்று நிறுத்தக் கூடாது. தலை சுற்றும், மின்சாரம் தொட்ட மாதிரி சுரீர் என்று இருக்கும். அதனால் டாக்டர் படிப்படியாகக் குறைப்பார். குணமான பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள்.

புவனா, 10:08
இன்னொன்று. சின்ன வயதுக்காரர்களை முதல் சில வாரம் பக்கத்தில் இருந்து கவனிக்க வேண்டும். சிலருக்கு மனம் இன்னும் கலங்கும், உயிரை விடும் எண்ணம்கூட வரலாம்.

செல்வி சித்தி, 10:11
அதனால்தான் ஆகஸ்ட் மாதம் முழுக்க நான் அவள் அறையில் பாய் போட்டுப் படுத்தேன். முதுகு வலி என்று உங்களிடம் சொன்னது அந்தப் பாயால் வந்ததுதான் அத்தான்.

பெரியப்பா, 10:19
👍

குமார் மாமா, 10:25
பலமுறை அனுப்பப்பட்டது: தினமும் காலையில் பத்து வல்லாரை இலை, பதற்றம் பறந்தோடும்...

குமார் மாமா, 10:26
அப்புறம் என் நண்பர் ஒருவர் மேடை ஏறுவதற்கு முன் ஒரே ஒரு மாத்திரை போடுவார். கை நடுங்காது. அதையே கேட்டு வாங்கலாமே?

புவனா, 10:33
அது புரொப்ரனலோலாக இருக்கும் மாமா. இதயத் துடிப்பையும் நடுக்கத்தையும் கொஞ்ச நேரம் அடக்கும், ஒரு நாள் பேச்சுக்குச் சரி. யாழினிக்குப் பிரச்சினை மேடை மட்டும் இல்லையே, கடையில் சாப்பாடு சொல்வதே பிரச்சினை. ஆஸ்துமாக்காரர்கள் அதைத் தொடவும் கூடாது. தினேஷ், உனக்குத்தான் சொல்கிறேன்.

தினேஷ், 10:35
நான் கேட்கவே இல்லை அக்கா 😅 சரி, ஒரு சந்தேகம். மாத்திரையும் சைக்காலஜிஸ்டோடு பேசுகிற பேச்சு சிகிச்சையும் சேர்ந்தால் இரண்டு மடங்கு பலனா?

புவனா, 10:47
அப்படிக் கூட்டல் போட முடியாது. 2004இல் அமெரிக்காவில் வந்த ஆய்வில் இரண்டையும் சேர்த்தவர்கள், ஒன்றை மட்டும் செய்தவர்களைவிட முன்னே போகவில்லை. 2010இல் வந்த இன்னொன்றில் சேர்த்தது நன்றாக வேலை செய்தது, ஆனால் அந்த மாத்திரை இன்று அதிகம் எழுதிக் கொடுக்காத பழையது. பிரிட்டனின் 2013 வழிகாட்டி பெரியவர்களுக்கு முதலில் பேச்சு சிகிச்சையைத்தான் சொல்கிறது, அதில் பாதிக் குணம்தான் என்றால் மாத்திரையைச் சேர்க்கலாம் என்கிறது. மாத்திரையை நிறுத்தினால் பதற்றம் திரும்பலாம். பேச்சு சிகிச்சையில் பழகியது அவ்வளவு சீக்கிரம் போகாது.

தினேஷ், 10:48
அப்படியென்றால் யாழினிக்கு ஏன் மாத்திரை முதலில்?

யாழினி, 11:15
அதை நான் சொல்கிறேன். முதல் அப்பாயின்ட்மென்டுக்கு லிஃப்ட் வரை போனேன். உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள், திரும்பி வந்துவிட்டேன். இரண்டாவது தடவை காரிலிருந்து இறங்கவே இல்லை. பேசிக் குணமாக்க வேண்டும், ஆனால் பேசுகிற அறைக்குள் போக முடியவில்லை. அப்புறம்தான் டாக்டர் மாத்திரை எழுதினார். பயம் போகவில்லை அக்கா. நூறில் தொண்ணூறு இருந்தது அறுபதுக்கு வந்தது. அறுபதோடு லிஃப்டில் ஏற முடிந்தது.

யாழினி, 11:22
சைக்காலஜிஸ்டிடம் போனால் நினைத்த மாதிரி இல்லை. சின்ன வயதில் என்ன நடந்தது என்று அதிகம் கேட்கவில்லை. நான் பயத்தை மறைக்க என்னென்ன செய்கிறேன் என்று பட்டியல் போட வைத்தார். கோப்பையை இரண்டு கையாலும் பிடிப்பேன். பாதிதான் ஊற்றுவேன். தரையைப் பார்ப்பேன். பேசப் போகும் வாக்கியத்தை மனசுக்குள் மூன்று தடவை சொல்லிப் பார்ப்பேன். இவையெல்லாம் என்னைக் காப்பாற்றுகின்றன என்று நினைத்திருந்தேன். இவற்றால்தான் என் கை என் கண்ணுக்கே பெரிதாகத் தெரிகிறதாம், எதிரில் இருப்பவர் முகத்தை நான் பார்ப்பதே இல்லையாம்.

யாழினி, 11:26
போன மாதம் வீட்டுப்பாடம்: ஆயர் ஈத்தாமில் ஒரு காப்பிக்கடையில் தே ஓ (பால் இல்லாத தேநீர்) வாங்கி, இனிப்பு அதிகம், மாற்றித் தாருங்கள் என்று திருப்பிக் கொடுக்க வேண்டும். போகும் முன் எழுதினேன்: திட்டுவார், நூறில் எண்பது. எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், தொண்ணூறு.

மல்லிகா அத்தை, 11:27
திட்டினாரா?

யாழினி, 11:29
போலே (சரி) என்று சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு போனார் அத்தை. யாரும் பார்க்கவில்லை. பக்கத்து மேசை ஐயா நாளிதழிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.

யாழினி, 11:31
ஆனால் நான் சைக்காலஜிஸ்டிடம் போய், எல்லாம் மாத்திரை செய்த வேலை என்றேன். அவர் அந்த இடத்தில்தான் பிடித்தார். இனி ஒவ்வொரு தடவையும் இதில் மாத்திரை செய்தது என்ன, நீ செய்தது என்ன என்று தனித்தனியாக எழுதச் சொன்னார். இல்லாவிட்டால் மாத்திரையும் அந்த இரண்டு கைப் பிடி மாதிரி ஆகிவிடுமாம். நான் சொன்னேன், லிஃப்ட் மாத்திரை, தே ஓ நான். சிரித்தார்.

புவனா, 11:34
யாழினி, மாதவிலக்கு வயிற்று வலிக்கு நீ பொன்ஸ்டான் போடுவாயே, இன்னும் போடுகிறாயா? செர்ட்ரலினோடு சேர்ந்தால் இரத்தக் கசிவு வாய்ப்பு கூடும். டாக்டரிடம் கேட்கும் வரை பனடோல் போடு.

யாழினி, 11:35
ஐயோ, சொல்லவே இல்லையே யாரும். சரி அக்கா.

பெரியப்பா, மதியம் 1:12
சைக்காலஜிஸ்ட் எவ்வளவு வாங்குகிறார்? நான் கொடுக்கிறேன்.

செல்வி சித்தி, 1:20
வேண்டாம் அத்தான், அரசாங்க ஆஸ்பத்திரிதான். முதலில் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்க சுகாதார நிலையம்) ஒரு ரிங்கிட் கட்டினோம், 21 கேள்வி உள்ள தாள் ஒன்று கொடுத்தார்கள். அங்கிருந்து கடிதம். சைக்காலஜிஸ்டுக்கு வரிசை நீளம், இரண்டு தடவை தவறவிட்டதால் மறுபடியும் வரிசை, அதுதான் நவம்பர் வரை போனது.

பெரியப்பா, 1:31
அப்படியென்றால் ஏற்றி இறக்க நான் வருகிறேன். செவ்வாயா, வியாழனா?

யாழினி, 1:40
வியாழன், பெரியப்பா. வாசல் வரை போதும். லிஃப்டில் நானே ஏறிக்கொள்கிறேன்.

யாழினி, 1:44
அத்தை, பந்தலில் எனக்குக் கோப்பை நீட்டும் வேலை வேண்டும். இந்த வார வீட்டுப்பாடம் அதுதான். விளிம்பு வரை ஊற்றி ஒரு கையால் கொடுக்க வேண்டும், சிந்தினால் துடைக்காமல் அடுத்த ஆளுக்குக் கொடுக்க வேண்டும். சிந்தும், சொல்லிவிட்டேன்.

மல்லிகா அத்தை, 1:46
விளிம்பு வரையா?! கூட்டம் தெரியுமா உனக்கு? முழுக் கோப்பை கொடுத்தால் மோர் காவடி வரும் முன்பே தீர்ந்துவிடும். நம் பந்தலில் எப்போதும் அரைக் கோப்பைதான் கணக்கு.

தினேஷ், 1:47
அத்தை 🤣 அது வைத்தியம்.

மல்லிகா அத்தை, 1:52
சரி. பச்சைத் தண்ணீர் மேசை யாழினிக்கு. அதை எவ்வளவு வேண்டுமானாலும் சிந்தட்டும், வெயிலில் காய்ந்துவிடும். மோர் அரைதான். எலுமிச்சை எத்தனை கிலோ என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.